ஆக்சைடு மேல் உட்கார்ந்த உலோகக் கொத்துகள்: கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் சில வருடம் ஆய்வகத்தில் இருந்தபோது என் வேலை முழுக்க, ஆக்சைடு பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன உலோகக் கொத்துகளோடுதான். பாடப் புத்தகத்தில் இது "வினையூக்கி பிளாட்டினம், தாங்கி அலுமினா" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பிள்ளைகள் அத்தோடு விடுவதில்லை. பைக் பட்டறையிலிருந்தும் மாந்தோப்பிலிருந்தும்கூட ஆட்கள் வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு நாலே வரி.

முதலில், உலோகக் கொத்து வினையூக்கி என்றால் என்ன?

வினையை வேகப்படுத்திவிட்டு, தான் தீர்ந்துபோகாமல் மிஞ்சுகிற பொருள் வினையூக்கி. சில பாடநூல்களில் வினைவேக மாற்றி என்று படித்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், நிக்கல், தங்கம் போன்ற உலோகங்கள் இந்த வேலையை நன்றாகச் செய்யும். அவற்றைக் கட்டியாகப் போடாமல், சில அணுக்களோ சில நூறு அணுக்களோ சேர்ந்த குட்டித் திரளாகப் போட்டால் அதற்குக் கொத்து என்று பெயர். இன்னும் பெரிதானால் நானோ துகள் என்பார்கள். எல்லைக்கோடு ஒன்றும் கல்வெட்டில் பொறித்ததல்ல.

இந்தக் கொத்துகள் அந்தரத்தில் நிற்க முடியாது. இரண்டு கொத்து பக்கத்தில் வந்தால் ஒட்டிப் பெரிதாகிவிடும். அதனால் ஒரு ஆக்சைடின் மேல் தள்ளித் தள்ளி உட்கார வைக்கிறார்கள். அலுமினா, சிலிக்கா, டைட்டானியா, சீரியா, மெக்னீசியா எல்லாம் அப்படிப்பட்ட ஆக்சைடுகள், அதாவது முறையே அலுமினியம், சிலிக்கான், டைட்டானியம், சீரியம், மெக்னீசியம் ஆக்சிஜனோடு சேர்ந்த சேர்மங்கள். நம் ஊரில் பாறை மேல் ராகியைக் காயப்போடுவோம் அல்லவா? குவித்துப் போட்டால் உள்ளே இருப்பது காயாது, பரப்பிப் போட்டால் ஒவ்வொரு மணியும் வெயிலைப் பார்க்கும். அந்தப் பாறைதான் தாங்கி, ராகி மணிகள்தான் உலோகம். அளவு மட்டும் வேறு. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்: 3 நானோமீட்டர் துகள் ஒன்று ராகி மணி அளவு ஆனால், ராகி மணி முக்கால் கிலோமீட்டர் அகலத்துக்கு வளர்ந்து நிற்கும்.

அவ்வளவு சின்னதாக எதற்கு?

வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில். உள்ளே புதைந்த அணுவுக்கு வேலையே கிடையாது. காசு கொடுத்து வாங்கிய பிளாட்டினத்தில் பாதியை உள்ளே புதைத்து வைப்பதில் என்ன பயன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் பிளாட்டினத்தைக் கனசதுரமாக வார்த்தால் பக்கம் சுமார் 3.6 மில்லிமீட்டர் வரும். ஆறு பக்கத்தையும் சேர்த்தால் மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே ஒரு கிராமை 2 நானோமீட்டர் குண்டுகளாகப் பிரித்தால் மேற்பரப்பு சுமார் 140 சதுர மீட்டர். நம் கணக்கில் 1,500 சதுர அடி, கிட்டத்தட்ட மூன்றரை சென்ட் நிலம். ஒரு கிராம் உலோகத்திலிருந்து ஒரு வீட்டு மனை. இந்தக் கணக்கை வகுப்பில் போடும்போது ஒவ்வொரு வருடமும் பின் பெஞ்சு நிமிர்ந்து உட்காருகிறது.

அணுக்களை எண்ணியும் சொல்லலாம். 13 அணுக்கள் நெருக்கமாக அடுக்கிய கொத்தில் 12 வெளியே, ஒன்றே ஒன்று உள்ளே. 55 அணுக் கொத்தில் 42 வெளியே. 147இல் 92. 309க்குப் போனால் 162, அதாவது பாதிக்குச் சற்று மேல். கொத்து வளர வளர வேலை செய்யாத அணுக்களின் விகிதம் ஏறிக்கொண்டே போகிறது.

ஆனால் பரப்பு மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டி உலோகத்தின் உள்ளே இருக்கும் அணுவுக்குப் பன்னிரண்டு அண்டை அணுக்கள். தட்டையான முகத்தில் இருப்பதற்கு ஒன்பது. கொத்தின் மூலையில் இருப்பதற்கு இன்னும் குறைவு. அண்டை குறைந்த அணுவுக்குப் பிணைப்பில் பசி அதிகம், வரும் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். சின்னக் கொத்தில் இப்படி ஓரத்திலும் மூலையிலும் நிற்கும் அணுக்கள்தான் பெரும்பாலும்.

தாங்கி என்பது வெறும் தட்டுதானே? சாப்பாடு முக்கியமா, தட்டு முக்கியமா?

போன வருடம் காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் ஒரு பையன் இதே வார்த்தைகளில் கேட்டான். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். நான் சொல்ல விரும்புவது இதுதான்: தாங்கி தட்டு அல்ல, அதுவும் சமைக்கிறது.

அவனையும் இன்னும் நாலு பேரையும் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். பாலிஷ் போட்ட கறுப்புப் பலகை ஒன்று சாய்வாக நின்றது. அதில் விரலால் தண்ணீர் தெளித்தோம். பளபளப்பான இடத்தில் விழுந்த துளிகள் குவிந்து நின்றன, கொஞ்சம் பெரிதானதும் கீழே வழுக்கி, வழியில் நின்ற துளிகளையும் சேர்த்துக்கொண்டு ஓடின. பலகையின் ஓரத்தில் முடியளவுக்கு மெல்லிய ஒரு கீறல் இருந்தது. அந்தக் கீறலில் பட்ட துளி மட்டும் நகரவே இல்லை. அதைச் சுற்றி எல்லாம் காலியான பிறகும் அந்தக் கீறல் நெடுக மணி கோத்தது போலத் துளிகள் நின்றன. பாலிஷ் போடாத பின்பக்கத்தில் தெளித்ததோ அப்படியே படர்ந்துவிட்டது.

ஆக்சைடு மேல் உலோகமும் கிட்டத்தட்ட இப்படித்தான். உலோக அணுவுக்கு ஆக்சைடைவிடத் தன் இன அணுமேல் பாசம் அதிகம், அதனால் படராமல் குவிகிறது. குறையில்லாத வழவழப்பான பரப்பில் ஓடித் திரிந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடுகிறது. பரப்பில் ஒரு ஆக்சிஜன் அணு விட்டுப்போன பள்ளம் இருந்தால், ஒரு படி விளிம்பு இருந்தால், அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியானால் நல்ல தாங்கிக்குக் குறை வேண்டும். குறை இருக்கும் இடம்தான் பிடிமானம்.

பிடிமானம் முதல் வேலை. இரண்டாவது வேலை எலக்ட்ரான் கொடுப்பதும் வாங்குவதும். ஆக்சிஜன் விட்டுப்போன பள்ளத்தில் எலக்ட்ரான்கள் தங்கியிருக்கும், மேலே உட்காரும் கொத்து அவற்றில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். கொத்தின் குணமே மாறிவிடும்.

மூன்றாவதுதான் பெரியது. உலோகமும் ஆக்சைடும் சந்திக்கும் அந்த விளிம்பில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு உலோகத்தின் மேல் உட்காரும், ஆக்சிஜன் ஆக்சைடு பக்கத்திலிருந்து வரும், விளிம்பில் இரண்டும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துபோகும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் துகள்களைப் பல அளவுகளில் கச்சிதமாகச் செய்து சீரியாவின் மேலும் அலுமினாவின் மேலும் வைத்துப் பார்த்தார்கள். அலுமினாவின் மேல் துகள் சிறிதானாலும் பெரிதானாலும் மேற்பரப்பு அணு ஒன்றின் வேகம் பெரிதாக மாறவில்லை. சீரியாவின் மேல் துகள் சிறுக்கச் சிறுக்க வேகம் ஏறியது, அந்த ஏற்றம் விளிம்பில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனது. உலோகம் அதே உலோகம், மாறியது தாங்கி மட்டும். சீரியாவால் ஆக்சிஜனைக் கொடுத்து வாங்க முடியும், அலுமினாவால் முடியாது.

தாங்கி சும்மா இருப்பதில்லை என்பதற்கு இதற்கும் பழைய சான்று ஒன்று உண்டு. 1978இல் டாஸ்டரும் கூட்டாளிகளும் டைட்டானியா மேல் இருந்த உலோகங்களை ஹைட்ரஜனில் 500 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த உலோகங்கள் ஹைட்ரஜனையோ கார்பன் மோனாக்சைடையோ பிடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. உலோகம் திரண்டு பெரிதாகவில்லை, எங்கும் போய்விடவும் இல்லை. கீழே கிடந்த டைட்டானியா மெல்லிய ஏடாக ஏறி உலோகத்தை மூடியிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. பால் மேல் ஆடை படிவது போல. எந்தத் தட்டு சாப்பாட்டின் மேல் ஏறி அதை மூடும்?

தங்கம் எதோடும் சேராது என்றுதானே படித்தோம்? அது எப்படி வினையூக்கி ஆனது?

கட்டித் தங்கத்துக்கு நீங்கள் படித்தது சரி. பாட்டி காலத்துத் தோடு இன்னும் மங்காமல் இருப்பது அதனால்தான். ரொம்ப காலம் வினையூக்கி ஆய்வாளர்களே தங்கத்தை ஓரங்கட்டி வைத்திருந்தார்கள்.

1987இல் ஜப்பானைச் சேர்ந்த மசதாகே ஹருதா, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகளோடு தங்கத்தை மிகச் சிறு துகள்களாகச் சேர்த்தபோது, அது கார்பன் மோனாக்சைடை உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 70 டிகிரியில்கூட ஆக்சிஜனேற்றம் செய்வதைக் காட்டினார். பிளாட்டினத்துக்கு இதைச் செய்ய நல்ல சூடு வேண்டும். தங்கம் குளிரில் செய்தது. துகள் அளவு 5 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் இந்த வித்தை, பெரிதானால் மறுபடியும் நகைக்கடைத் தங்கம்தான்.

1998இல் குட்மேன் குழு டைட்டானியா மேல் தங்கத்தை வளர்த்து ஒவ்வொரு தீவாக அளந்தது. 3 நானோமீட்டர் அகலம், இரண்டே அணு உயரம் இருந்தபோது வேகம் உச்சத்தில் இருந்தது. அதற்கும் சிறிதானால் குறைந்தது, பெரிதானாலும் குறைந்தது. "சின்னது எப்போதும் நல்லது" என்று தேர்வில் எழுதும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுவேன்.

தங்கத்தின் ஓர அணுக்களா, எலக்ட்ரான் மாற்றமா, தாங்கியோடு சேரும் விளிம்பா, இதில் எது முக்கியம் என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். தாங்கிக்குத் தக்கபடி விடை மாறுகிறது என்பது என் அபிப்பிராயம்.

எட்டு அணு போதும், ஏழு போதாது என்று எங்கோ படித்தேன். உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 1990களின் கடைசியில் ஹைஸ் குழு சோதனைப் பக்கத்தையும் லேண்ட்மேன் குழு கணக்கீட்டுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு செய்தது.

தங்கத்தை லேசரால் ஆவியாக்கினார்கள். அந்த ஆவியில் எல்லா அளவுக் கொத்தும் இருக்கும். மின்னூட்டம் கொண்ட கொத்துகளை எடையைப் பார்த்துப் பிரிக்கும் கருவிக்குள் செலுத்தி, சரியாக இத்தனை அணு என்று தேர்ந்து, அவை உடையாத அளவுக்கு மெதுவாக மெக்னீசியம் ஆக்சைடு ஏட்டின் மேல் இறக்கினார்கள். மெக்னீசியம் ஆக்சைடு நமக்கு அந்நியமில்லை. பக்கத்துச் சேலத்தில் வெட்டும் வெள்ளைக்கல்லைச் சுட்டால் வருவதும் அதுதான். ஆனால் இவர்களுடையது வெற்றிடத்துக்குள் சில அணு அடுக்குகளாக வளர்த்த சுத்தமான ஏடு.

பிறகு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் செலுத்தி, மெல்லச் சூடாக்கி, கார்பன் டை ஆக்சைடு வருகிறதா என்று பார்த்தார்கள். ஏழு அணு வரை ஒன்றும் வரவில்லை. எட்டில் வந்தது. ஓர் அணு கூடியதும் மந்தமாக இருந்தது சுறுசுறுப்பாகிவிட்டது.

இதிலும் தாங்கிதான் முடிவு செய்தது. ஆக்சிஜன் விட்டுப்போன பள்ளங்கள் நிறைந்த மெக்னீசியாவின் மேல் வைத்த எட்டு அணுக் கொத்துதான் வேலை செய்தது. பள்ளமில்லாத சுத்தமான பரப்பின் மேல் அதே எட்டு அணுவை வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறக்குறைய அரை எலக்ட்ரான் அளவுக்கு மின்னூட்டம் கொத்துக்கு ஏறுகிறது, அது ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பைத் தளர்த்துகிறது என்று கணக்கீடு சொன்னது. காவேரிப்பட்டணம் பையனுக்கு நான் சொன்ன பதிலின் கடைசி வரி இதுதான்.

நம்ம பைக் சைலன்சரில் இருப்பதும் இதே சமாச்சாரமா?

இதேதான். ஓசூரிலிருந்து வெளியே போகும் புது பெட்ரோல் பைக் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், புகை போகும் வழியில் அதன் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்று இருக்கும்.

தெரிந்த பட்டறை ஒன்றில் பழைய கார் கன்வெர்ட்டரை அறுத்து வைத்திருந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே துருப்பிடிக்காத எஃகு ஓடு. உள்ளே தேன்கூடு போல ஆயிரக்கணக்கான சதுர ஓட்டைகள் உள்ள பீங்கான் கட்டி, ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனை வெளிச்சம் தெரிகிறது. அந்தப் பீங்கான் வெறும் எலும்புக்கூடு. ஓட்டைச் சுவர்களில் பூசிய பழுப்புப் பூச்சில்தான் விஷயம் இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவு போல வரும். அது காமா அலுமினா, ஒரு கிராமுக்கு நூறு சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு உள்ளது. கூடவே சீரியாவும் சிர்கோனியாவும் கலந்த ஆக்சைடு. அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் துகள்கள். பைக்கில் பீங்கானுக்குப் பதில் பெரும்பாலும் நெளிநெளியான உலோகத் தகடு இருக்கும், பூச்சு அதே மாதிரிதான்.

மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது: கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது, எரியாத பெட்ரோல் எரிகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜனாகத் திரும்புகின்றன. முதல் இரண்டுக்கு ஆக்சிஜன் வேண்டும், மூன்றாவதுக்கு ஆக்சிஜன் இருக்கக் கூடாது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்று எஞ்சின் சரியாகக் கலந்தால்தான் மூன்றும் ஓடும். டிராஃபிக்கில் ஆக்சிலரேட்டரைத் திருகித் திருகி விடும்போது இந்த விகிதம் ஆடும். அப்போது சீரியா கைகொடுக்கிறது. காற்று கூடினால் ஆக்சிஜனை உள்ளே வாங்கி வைக்கிறது, குறைந்தால் திருப்பித் தருகிறது. நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டி போல.

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் பிக்கப் கூடும் என்கிறார் மெக்கானிக். எடுக்கலாமா?

வேண்டாம். என் வண்டிக்கே இது நடந்தது. சைலன்சரில் சத்தம் வருகிறது என்று ஒரு பட்டறையில் விட்டேன். திரும்பி வாங்கும்போது "உள்ளே இருந்த கல்லை எடுத்துட்டேன் டீச்சர், இனிமே வண்டி பறக்கும்" என்றார்கள். கேட்காமல் எடுத்துவிட்டார்கள், எடுத்ததையும் தரவில்லை. வண்டி பறக்கவில்லை. நிறுத்தி வைத்து ஓடவிட்டால் கண் எரிந்தது.

எடுத்தால் புகைச் சான்றிதழில் சிக்கல் வரும் என்பது இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய ஷெட்டில் வண்டியை ஓடவிட்டால் ஆளையே கொல்லும். கன்வெர்ட்டர் இருந்தாலும் குளிர்ந்த எஞ்சினில் அது வேலை செய்யாது. ஏறக்குறைய 250, 300 டிகிரி ஏறினால்தான் முழிக்கும். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

வினையூக்கி தீர்ந்துபோகாது என்றீர்கள். அப்புறம் ஏன் கெட்டுப்போகிறது?

தீராது, ஆனால் கெடும்.

பெரும்பாலும் சூடுதான் காரணம். கொத்துகள் நகர்ந்து ஒட்டிக்கொள்ளலாம். அல்லது சின்னக் கொத்திலிருந்து அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பெரிய கொத்தில் போய்ச் சேரலாம். சின்னது இளைத்து மறைய, பெரியது கொழுக்கும். மூன்றரை சென்ட் மனை அரை சென்டாகிவிடும். ஸ்பார்க் பிளக் சரியாக அடிக்காமல் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் வந்து எரிந்தால், பூச்சோடு சேர்ந்து தேன்கூடே உருகிவிடுவதும் உண்டு. பிளக்கை நேரத்துக்கு மாற்றச் சொல்வது மைலேஜுக்காக மட்டும் இல்லை.

இன்னொரு காரணம் நஞ்சு. ஈயம் உலோகப் பரப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால்தான் 1995இல் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வரவேண்டியிருந்தது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000இல். கந்தகமும் நஞ்சுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபோது எரிபொருளில் கந்தகத்தின் மேல்வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. புகை குறைவதற்கு எஞ்சினை மட்டும் மாற்றினால் போதாது, பெட்ரோலையும் மாற்றவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எஞ்சின் ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் மெல்ல மெல்லப் படியும். ஆயில் குடிக்கிற வண்டியில் கன்வெர்ட்டர் சீக்கிரம் போகும்.

தருமபுரிப் பக்கம் ஃப்ளூரைடு வடிகட்டியில் போடும் அலுமினாவும் இதுவும் ஒன்றா?

பென்னாகரம், பாலக்கோடு பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது. ஒரே குடும்பம். இரண்டும் நுண்துளைகள் நிறைந்த அலுமினா.

எங்கள் பக்கம் பாறைக்குள்ளிருந்து ஃப்ளூரைடு கரைந்து போர்வெல் தண்ணீரில் வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் அனுமதிக்கப்பட்ட மேல்வரம்பு. பல வருடம் அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடு, முதுகெலும்பு வளையாமை, இதெல்லாம் நம் வீடுகளில் பார்த்ததுதான். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பல ஊர்களில் நிலைமை மாறியிருக்கிறது.

அலுமினாவின் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் நிற்கின்றன. வடிகட்டியில் தண்ணீர் போகும்போது ஃப்ளூரைடு அயனி ஒரு ஹைட்ராக்சிலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. எல்லா இடமும் நிரம்பியதும் வடிகட்டி வேலையை நிறுத்திவிடும், காரத்தால் கழுவி மறுபடியும் தயார் செய்யவேண்டும். கன்வெர்ட்டருக்கு அலுமினா தயாரிக்கும்போதும் அதே ஹைட்ராக்சில்களைத்தான் பிடிகொம்பாகப் பயன்படுத்துகிறார்கள், அங்கே வந்து உட்காருவது பிளாட்டினம் சேர்மம். வடிகட்டிக்குள் உலோகம் எதுவும் இல்லை, எந்த வினையையும் அது வேகப்படுத்துவதும் இல்லை, அதனால் அதை வினையூக்கி என்று சொல்லக் கூடாது. அது பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

மாங்காய் விவசாயிக்கு இதனால் என்ன?

காய் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. ஒன்று விட்ட எத்திலீன் பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். பழுக்க வைக்கும் அறையில் இதை வேண்டுமென்றே, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. கார்பைடு கல் வைப்பது தடை செய்யப்பட்டது, அதை எங்கே பார்த்தாலும் வாங்காதீர்கள்.

தூரத்துக்கு அனுப்பும் பழத்துக்கு நேர்மாறான சிக்கல்: எத்திலீனை அகற்றவேண்டும், அதுவும் குளிர்ப்பெட்டிக் குளிரில். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஃபுகுவோகா குழு 2013இல் ஒரு வழி காட்டியது. நுண்துளைச் சிலிக்காவின் துளைகளுக்குள் பிளாட்டினத் துகள்களை வைத்தால், 0 டிகிரியிலேயே எத்திலீன் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிவிடுகிறது. இதே பிளாட்டினத்தை வேறு ஆக்சைடுகளின் மேல் வைத்தபோது இவ்வளவு வேலை நடக்கவில்லை. மறுபடியும் தாங்கி.

கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவுக்கு இது தேவைப்படாது. ஆனால் மல்கோவாவும் அல்போன்சாவும் நாலு நாள் கூடுதலாகத் தாங்கினால் விலை பேசும் இடத்தில் விவசாயிக்குக் கை ஓங்கும். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ஒரு வருடமாவது இந்தப் பெட்டியை வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

இதை எப்படித் தயாரிக்கிறார்கள்?

சாதாரண வழி சமையல் போலத்தான். உலோக உப்பைத் தண்ணீரில் கரைத்து, ஆக்சைடு பொடியை அதில் ஊறவைத்து, உலர்த்தி, காற்றில் சுட்டு, கடைசியில் ஹைட்ரஜனில் சூடாக்கினால் உப்பு உலோகமாகிவிடும். பிளாட்டினத்துக்குக் குளோரோபிளாட்டினிக் அமிலம் பிரபலம். தங்கத்துக்கு இந்த வழி சரிப்படாது, குளோரைடு மிஞ்சினால் துகள்கள் திரண்டுவிடும். அதனால் காரம் சேர்த்து ஆக்சைடு மேலேயே வீழ்படிவாக்கி, குளோரைடு போகும்வரை கழுவுவார்கள். கழுவக் கழுவ அலுக்கும் வேலை. நான் செய்த முதல் மூன்று தடவையும் பொடி ஊதா நிறத்துக்கு மாறி வீணாகியது, பொறுமையில்லாமல் கழுவுவதைச் சீக்கிரம் நிறுத்தியதுதான் காரணம்.

கண்ணுக்கே தெரியாததை எப்படி எண்ணுகிறார்கள்?

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கனமான உலோக அணுக்கள் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பின்னிஷும் ரோரரும் 1981இல் உருவாக்கிய ஊடுபுழை நுண்ணோக்கி, ஊசிமுனையால் பரப்பைத் தடவி அணு அணுவாகப் படம் தரும், 1986இல் அதற்கு நோபல் கிடைத்தது. பெரிய கருவி இல்லாமலும் ஒரு வழி உண்டு: தெரிந்த அளவு ஹைட்ரஜனை விட்டு எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று பார்த்தால், எத்தனை அணு வெளியே நிற்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

ஒரே ஓர் அணுவை மட்டும் வைத்தால்?

வைத்துவிட்டார்கள். 2011இல் சீனாவில் ஜாங் தாவோவும் கூட்டாளிகளும் இரும்பு ஆக்சைடு மேல் தனித்தனிப் பிளாட்டின அணுக்களை நிறுத்தி, அவை கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றுவதைக் காட்டினார்கள். உலோகத்தில் துளியும் வீணில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று உலோக அணு தேவைப்படும் வினைகளுக்குத் தனி அணு உதவாது. அதனால் கொத்துக்கு ஓய்வு இல்லை.

பழைய கன்வெர்ட்டரை உடைத்துப் பிளாட்டினம் எடுக்கலாமா?

வீட்டில் கூடவே கூடாது. தூசி நுரையீரலுக்குக் கேடு. கரைக்க ராஜதிராவகம், அதாவது அடர் நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை வேண்டும், அதன் புகையும் ஆபத்து. கார் கன்வெர்ட்டரிலேயே சில கிராம்தான் இருக்கும், பைக்கில் அதைவிட மிகக் குறைவு. பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போடாமல், மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் முழுசாகக் கொடுங்கள்.

இதை மேலே படிக்க எங்கே போகலாம்?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, பி.எஸ்.சி. வேதியியலை அங்கேயே நன்றாகப் படிக்கலாம். முதுகலைக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் பக்கம். ஆய்வுக்கு என்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் வினையூக்கத்துக்கென்றே தேசிய ஆய்வு மையம் இருக்கிறது, புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். பரப்பில் நடப்பதில் பாதி எலக்ட்ரான் கதை.

பள்ளியில் செய்து காட்ட ஏதாவது உண்டா?

உலோகக் கொத்தைப் பள்ளியில் செய்ய முடியாது. ஆக்சைடு பரப்பு வேலை செய்வதை மட்டும் காட்டலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சோதனைக் குழாயில் கால்வாசி எடுங்கள். ஆய்வகத்து மாங்கனீஸ் டை ஆக்சைடு பொடியை முன்கூட்டியே எடை போட்டு, அரை டீஸ்பூனுக்கும் குறைவாகப் போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், குழாய் வாயை யார் பக்கமும் திருப்பாதீர்கள். சடசடவென்று குமிழி கிளம்பும். தணலோடு இருக்கும் ஊதுபத்தியைக் குழாய் வாயில் பிடித்தால் பளிச்சென்று சுடர் ஏறும், வருவது ஆக்சிஜன்.

குமிழி நின்றதும் பொடியை வடிகட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி எடை போடச் சொல்லுங்கள். வடிதாளில் ஒட்டியது போக எடை அப்படியே இருக்கும். போன வருடம் போட்ட அதே கறுப்புப் பொடியை ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன், இந்த வருடமும் அதைத்தான் போடப்போகிறேன்.